இந்தியாவுக்கான உறுப்பினர்

லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2015 மார்ச் மாதம் மகாத்மா காந்தியின் சிலை நிறுவப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரலில், அதே சதுக்கத்தில் மில்லிசென்ட் ஃபாசெட் என்ற பெண்மணியின் சிலை திறக்கப்பட்டது. அதுவரை ஆண்களின் சிலைகள் மட்டுமே நின்ற அந்தச் சதுக்கத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக அறவழியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டவர் என்று அவரை உலகம் அறியும். அவருடைய கணவர் ஹென்றி ஃபாசெட்டை அறிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. ஆனால், 1870-களில் இந்தியாவின் படித்த வகுப்பினர் நன்றியுடன் உச்சரித்த பெயர் அது. 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்றே அவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அழைத்தனர்.

பொருளாதாரச் சிந்தனை வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குப் பல வகுப்புகள், ஆல்ஃபிரட் மார்ஷலுக்குப் பல வகுப்புகள் என்று பாடத்திட்டம் ஒதுக்கியிருக்கும். மில்லின் சீடராகவும், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியில் மார்ஷலுக்கு முன்னவராகவும் இருந்த ஃபாசெட்டுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். கோட்பாட்டாளர் என்ற அளவில் அந்த ஒரு வரி நியாயமானதே. ஆனால், பொதுப்பணத்தைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் எழுப்பிய கேள்வி ஒரு வரியில் அடங்கக் கூடியதன்று. பணம் கொடுப்பவர் ஒருவர், செலவழிப்பவர் வேறொருவர் என்றால் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதே அந்தக் கேள்வி.

தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் 1833 ஆகஸ்ட் 26 அன்று ஃபாசெட் பிறந்தார். தந்தை வில்லியம் ஃபாசெட் ஜவுளி வணிகர். நகரின் மேயராகவும் இருந்தவர். பிரபுக் குடும்பங்களும் பெருநிலக்கிழார்களும் ஆதிக்கம் செலுத்திய அன்றைய அரசியலில், துணிக்கடைக்காரரின் மகன் நாடாளுமன்றம் செல்ல ஆசைப்படுவது எளிய காரியமன்று. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஃபாசெட், 1856-இல் பல்கலைக்கழகத் தேர்வில் ஏழாவது இடம் பெற்றார். டிரினிட்டி ஹால் கல்லூரியில் ஆய்வுறுப்பினர் பதவி கிடைத்தது. சட்டம் படித்து, அதன் வழியே அரசியலுக்கு வருவது அவருடைய திட்டம்.

1858 செப்டம்பர் 17. சாலிஸ்பரிக்கு அருகேயுள்ள ஹார்ன்ஹாம் குன்றில் தந்தையும் மகனும் கௌதாரி வேட்டைக்குச் சென்றிருந்தனர். தந்தைக்கு ஒரு கண்ணில் புரை தொடங்கியிருந்தது. மகன் சற்று முன்னே சென்றதைக் கவனிக்காமல், எழுந்து பறந்த பறவையை நோக்கி அவர் சுட்டார். சிதறிய ரவைகளில் இரண்டு, மகன் அணிந்திருந்த நிறக் கண்ணாடியின் இரு வில்லைகளையும் துளைத்தன. இருபத்தைந்து வயதில், ஒரே நொடியில், இரு கண்களும் பறிபோயின.

தன் கையாலேயே மகனின் பார்வையைப் பறித்துவிட்டோம் என்று தந்தை மனமுடைந்து போனார். மகனோ, விபத்து நடந்த பத்தே நிமிடங்களில், முன்பு எண்ணியபடியே இனியும் வாழ்வது என்று முடிவெடுத்துவிட்டதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். இந்த முடிவில் தந்தையின் மீதான பரிவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். மகன் முடங்கிப் போயிருந்தால் தந்தையின் குற்ற உணர்வு இருமடங்காகியிருக்கும். ஃபாசெட் குதிரைச் சவாரியை விடவில்லை; தூண்டிலிடுவதையும், படகு வலிப்பதையும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மீது சறுக்கி ஓடுவதையும் விடவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பின்னர் எழுதிய நண்பர் லெஸ்லி ஸ்டீஃபன் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்துள்ளார். பிறர் இரங்கிப் பேசுவதை மட்டும் ஃபாசெட் விரும்பவில்லை.

சட்டப் படிப்பைக் கைவிட்டுப் பொருளாதாரத்துக்குத் திரும்பினார். புத்தகங்களைப் பிறர் படிக்கக் கேட்டு, மனத்தில் இருத்திக்கொண்டார். 1863-இல் 'அரசியல் பொருளாதாரக் கையேடு' என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பார்வையற்றவர் வகுப்பில் ஒழுங்கை எவ்வாறு நிலைநாட்டுவார் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. அதையும் மீறித் தேர்வு பெற்று, இறக்கும்வரை 21 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். சில தோல்விகளுக்குப் பின் 1865-இல் பிரைட்டன் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். அதே தேர்தலில்தான் மில்லும் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் வென்றார்.

1867 ஏப்ரலில் ஃபாசெட் மணந்துகொண்ட மில்லிசென்ட் காரெட்டுக்கு அப்போது வயது 19. கிழக்குக் கடற்கரை ஊரான ஆல்டிபரோவின் வணிகர் நியூசன் காரெட்டின் மகள் அவர். தன் பெண்களும் ஆண்களைப் போலவே கற்று முன்னேற வேண்டும் என்று எண்ணிய தந்தை அவர். மில்லிசென்ட்டின் மூத்த சகோதரி எலிசபெத் காரெட், 1865-இல் பிரிட்டனில் முறையாக மருத்துவத் தகுதி பெற்ற முன்னோடிப் பெண் மருத்துவர். அந்தத் தகுதியை அவர் பெறுவதற்கு நீதிமன்ற வழக்குக்கும் ஆயத்தமாகத் துணை நின்றவர் தந்தைதான்.

திருமணம் நடந்த அடுத்த மாதம், 1867 மே 20 அன்று, வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'நபர்' என்ற சொல்லை இட வேண்டும் என்று மில் திருத்தம் கொண்டுவந்தார். ஒரு சொல் மாற்றந்தான். ஆனால் அது நிறைவேறியிருந்தால் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு அன்றே வாக்குரிமை கிடைத்திருக்கும். ஆதரவாக 73 வாக்குகளே விழுந்தன. அவற்றுள் ஒன்று ஃபாசெட்டுடையது. பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட மாடத்தில் அமர்ந்து அந்த விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் மில்லிசென்ட்.

கணவருக்காக அறிக்கைகளையும் நூல்களையும் நாளேடுகளையும் படித்துச் சொல்வதும், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும் மில்லிசென்ட்டின் அன்றாட வேலையாயின. ஒரு பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் கதவடைத்திருந்த காலத்தில், வீட்டிலேயே அவருக்குப் பொருளாதாரமும் நாடாளுமன்ற நடைமுறையும் பாடமாயின. 1870-இல் அவர் எழுதிய 'தொடக்க நிலையினருக்கான அரசியல் பொருளாதாரம்' கணவரின் நூலைவிட எளிமையானது. பல பதிப்புகள் கண்டது. பெண்களுக்கான விரிவுரைகளை ஏற்பாடு செய்வது பற்றிய கூட்டம் ஃபாசெட் தம்பதியரின் கேம்பிரிட்ஜ் இல்லத்தில் நடந்தது. அதன் தொடர்ச்சியாக உருவானதே நியூன்ஹாம் கல்லூரி.

ஒருமுறை மில்லிசென்ட்டின் பணப்பையை ரயில் நிலையத்தில் ஒருவன் திருடிவிட்டான். வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஹென்றி ஃபாசெட்டின் உடைமையை மில்லிசென்ட்டிடமிருந்து திருடியதாகவே குற்றச்சாட்டு அமைந்திருந்தது. அன்றைய சட்டப்படி மனைவியின் கைப்பணமும் கணவனுக்கே சொந்தம். தானே திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டதுபோல் உணர்ந்ததாக மில்லிசென்ட் பின்னர் எழுதினார். மணமான பெண்களுக்கு முழுச் சொத்துரிமை வழங்கிய சட்டம் 1882-இல்தான் வந்தது.

தன் பணத்தின்மீதே தனக்கு உரிமையில்லை என்ற இந்த நிலை ஒரு பெண்ணுக்கு மட்டுமன்று, ஒரு நாட்டுக்கே இருந்தது. அந்த நாடு இந்தியா.

1867 ஜூலையில் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வருகை தந்தார். அவரைக் கௌரவிக்க இந்திய அலுவலகக் கட்டடத்தில் பெரும் நடன விருந்து நடத்தப்பட்டது. அதன் செலவு முழுவதும் இந்திய வருவாயில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவில் பஞ்சத்தால் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டிருந்தனர். லண்டனில் நடந்த விருந்துக்கு இந்திய உழவன் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று அவையில் கேட்டார் ஃபாசெட். பிரிட்டிஷ் அரசின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். ஆனால், தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்க மனமில்லாத ஒரு செலவைப் பிறர் பையிலிருந்து எடுத்துச் செய்வது எத்தகைய நிதி ஒழுக்கம் என்பதே அவருடைய வாதம். அதே ஆண்டு இறுதியில் அபிசீனியா மீது பிரிட்டன் போர்ப் படையை அனுப்பியபோது, அதில் சென்ற இந்தியத் துருப்புகளின் வழக்கமான சம்பளம் இந்தியாவின் கணக்கிலேயே வைக்கப்பட்டது. அதையும் அவர் எதிர்த்தார்.

மறு ஆண்டு, 1868 மே மாதத்தில், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை லண்டனில் நடத்தும்போதே கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களிலும் நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கடல் கடந்து செல்லப் பொருள் வசதியும் குடும்ப இசைவும் உள்ளவர்களுக்கே அன்று அந்தத் தேர்வு எட்டும் நிலையில் இருந்தது. ஃபாசெட்டின் தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. அந்தக் கோரிக்கை பின்னர் காங்கிரஸின் நிலையான கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. 1922-இல்தான் இந்திய மண்ணில் அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது.

இந்திய வரவு-செலவுக் கணக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நடத்திய விதமும் வேடிக்கையானது. கூட்டத்தொடரின் கடைசி நாள்களில், உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்ட பின், காலியான இருக்கைகளுக்கு முன்னே அது படிக்கப்படும். இந்தியாவுக்கான அமைச்சரின் சம்பளமே இந்திய வருவாயிலிருந்து தரப்பட்டதால், அந்தச் சம்பளத்துக்கான மானியக் கோரிக்கை பிரிட்டிஷ் அவைக்கு வருவதில்லை. அதையொட்டி அவருடைய நிர்வாகத்தைக் குடைந்து கேள்வி கேட்கும் வாய்ப்பும் எழுவதில்லை. இந்த ஏற்பாடு 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. கண்ணால் ஒரு வரிகூடப் படிக்க இயலாத ஃபாசெட்தான், காலியான அந்த அவையில் அமர்ந்து, படிக்கக் கேட்டு மனனம் செய்த எண்களைக் கொண்டு இந்தியக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கினார்.

அவருடைய வற்புறுத்தலுக்கு முக்கியப் பங்கிருந்த இந்திய நிதி பற்றிய தேர்வுக்குழு 1871-இல் அமைக்கப்பட்டது. அவரும் அதில் உறுப்பினரானார். 1873-இல் தாதாபாய் நௌரோஜி அந்தக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று நௌரோஜி கணக்கிட்டுக் காட்டியதும், இந்தியச் செல்வம் வெளியேறுவது பற்றிய அவருடைய கோட்பாடு வலுப்பெற்றதும் இந்தக் காலத்தில்தான்.

அந்தச் செல்வ வெளியேற்றத்தின் முக்கிய வாய்க்கால், 'ஹோம் சார்ஜஸ்' எனப்பட்ட லண்டன் செலவுகள். கடனுக்கான வட்டி, ரயில் நிறுவனங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வட்டி, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியம், இந்திய அலுவலகத்தின் நிர்வாகச் செலவு எனப் பலவும் இதில் அடங்கும். இவற்றை பவுனில் செலுத்த வேண்டும். வரியோ இந்தியாவில் வெள்ளி ரூபாயில் வசூலாகும். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறிய பின் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்து, பத்தாண்டு முடிவில் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. முன்பு ஒரு பவுன் செலுத்தப் பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. இப்போது பன்னிரண்டு ரூபாய் தேவைப்பட்டது. லண்டனில் ஒரு பென்னிகூடச் செலவு கூடாமலே இந்தியக் குடியானவனின் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடிற்று. 1880-இல் நூலாக வந்த தமது 'இந்திய நிதி' கட்டுரைகளில் ஃபாசெட் எச்சரித்தது, வருவாய் பெருக வழியில்லாத ஓர் ஏழை நாட்டின்மீது இவ்வாறு ஏறிக்கொண்டே போகும் சுமையைப் பற்றித்தான்.

அந்த ஆண்டுகளில் நம் மண்ணின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அடுத்த பஞ்சத்துக்கு முன்னேற்பாடு என்ற பெயரில் புதிய வரிகள் விதிக்கப்பட்டன. 1878 இறுதியில் ஆப்கன் போர் தொடங்கியதும், அந்தச் செலவையும் இந்தியாவின் தலையில் கட்ட முடிவாயிற்று. பேரரசின் பாதுகாப்புக்கான போர் என்றால் பேரரசுதானே செலவு செய்ய வேண்டும் என்று ஃபாசெட் வாதாடினார். 1880-இல் கிளாட்ஸ்டன் அரசு பதவியேற்ற பின், போர்ச் செலவில் 50 லட்சம் பவுனைப் பிரிட்டிஷ் கருவூலம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் மீது விழுந்த மொத்தச் சுமையில் அது ஒரு பகுதிதான் என்றாலும், கேட்டதால் கிடைத்த பகுதி.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அன்று ஊதியம் கிடையாது. 1874 தேர்தலில் பிரைட்டனில் ஃபாசெட் தோற்றபோது, அவருடைய தேர்தல் செலவுக்காக இந்தியாவில் நிதி திரட்டப்பட்டது. வாக்குரிமையே இல்லாத மக்கள், தங்களைக் கண்ணால் காணாத ஒருவருக்காக, ஒரு நாளும் தாங்கள் வாக்களிக்க முடியாத தொகுதியின் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். சில வாரங்களில் லண்டனின் ஹாக்னி தொகுதியிலிருந்து அவர் மீண்டும் அவைக்கு வந்தார்.

அவர் வாதாடியது இந்தியாவுக்கு மட்டுமன்று. ஊர்ப் பொது நிலங்களைத் தனியாருக்கு வேலியிட்டுக் கொடுக்கும் மசோதா 1869-இல் வந்தபோது, ஏழாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் பொதுமக்களுக்கென்று விடப்பட்டது வெறும் ஒன்பது ஏக்கர் என்பதைச் சுட்டிக்காட்டித் தடுத்தார். லண்டனுக்கு அருகேயுள்ள எப்பிங் காடு இன்றும் மக்களுக்குத் திறந்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு. 1880-இல் அவர் அஞ்சல் துறைத் தலைவராக அமைச்சரவைக்கு வெளியே பொறுப்பேற்றார். அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் ஒரு ஷில்லிங்குக்குக் குறைவாகப் பணம் போட முடியாது. ஒரு பென்னி அஞ்சல் தலைகளாக வாங்கி அட்டையில் ஒட்டி, பன்னிரண்டு சேர்ந்ததும் கணக்கில் வரவு வைக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். ஒரு ஷில்லிங்கை மொத்தமாகக் கண்டிராத சிறுவனும் வேலைக்காரப் பெண்ணும் சேமிக்கத் தொடங்கினர். போஸ்டல் ஆர்டரும், 1883-இல் பார்சல் சேவையும், அஞ்சல் துறையில் பெண்களுக்குக் கூடுதல் வேலைவாய்ப்பும் அவருடைய காலத்தில் வந்தவை.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பதில் அவருக்கிருந்த பிடிவாதம் சில வேளைகளில் ஏழைகளுக்கு எதிராகவே முடிந்தது. பெண் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறைக்கும் மசோதாவை எதிர்த்தார். வாக்கில்லாத பெண்களின் உழைப்புக்கு, அவர்களைக் கேட்காமல் ஆண்களின் அவை வரம்பு கட்டுவது தவறு என்பது அவருடைய வாதம். ஆலைக்குள் பத்து மணி நேரம் நிற்பவளின் களைப்புக்கு இந்த வாதத்தில் இடமில்லை. ஏழைகளுக்கு வீட்டிலேயே வழங்கப்பட்ட உதவித் தொகையையும் அவர் எதிர்த்தார். கூலி நிதிக் கோட்பாட்டை மில்லே 1869-இல் கைவிட்ட பின்னும் ஃபாசெட் கைவிடவில்லை. தன் துன்பத்தைத் தன் மன உறுதியால் வென்றவர், எல்லோராலும் அது இயலும் என்று எண்ணிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்திய விடுதலையும் அவர் கேட்டதன்று. பிரிட்டிஷ் ஆட்சி சிக்கனமாகவும் நியாயமாகவும் நடக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

1884 ஜூனில் புதிய வாக்குரிமை மசோதாவில் பெண்களையும் சேர்க்கும் திருத்தம் வந்தபோது, பிரதமர் கிளாட்ஸ்டன் அதை எதிர்க்குமாறு பணித்தார். அரசுப் பொறுப்பில் இருந்தும் ஃபாசெட் எதிர்த்து வாக்களிக்க மறுத்து, நடுநிலை வகித்தார். இது பதவி விலகலுக்குச் சமம் என்று கிளாட்ஸ்டன் கண்டித்தார். எனினும் பதவியில் நீடிக்க விட்டார். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று, 51-ஆம் வயதில், ஃபாசெட் நுரையீரல் உறை அழற்சியால் காலமானார். லண்டன் தேம்ஸ் நதிக்கரைத் தோட்டத்தில் அவருக்காக ஒரு நினைவு நீரூற்றைப் பெண்கள் நிதி திரட்டி எழுப்பினர். இந்திய தேசிய காங்கிரஸ் பிறந்தது அதற்கு மறு ஆண்டில்.

37 வயதில் கணவரை இழந்த மில்லிசென்ட் தன் சகோதரி ஆக்னஸின் லண்டன் இல்லத்துக்குக் குடிபெயர்ந்து, வாக்குரிமைப் பணியைத் தொடர்ந்தார். ஒரே மகள் பிலிப்பா நியூன்ஹாம் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1890-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வு முடிவுகள் வாசிக்கப்பட்டன. பெண்களின் பெயர்களை ஆண்களின் தரவரிசையில் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் எந்த இரு ஆண்களுக்கு நடுவே வருகிறார்கள் என்று மட்டும் சொல்வார்கள். பிலிப்பாவின் பெயர் வந்தபோது, முதலிடம் பெற்றவருக்கும் மேலே என்று அறிவிக்கப்பட்டது. தந்தை ஏழாவது இடம் பெற்ற அதே தேர்வு அது. ஆனால், பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல். அந்த ஆண்டு ஜூனில் பிலிப்பா காலமானார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலும் பின்னர் லண்டனிலும் பள்ளிக்கல்வி நிர்வாகத்தில் பணியாற்றியவர் அவர்.

1928 ஜூலையில் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்கு உறுதியானபோது, 81 வயது மில்லிசென்ட் நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். 19 வயதில் அவர் மில்லின் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அதற்குள் 61 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று வரி கொடுக்கும் நமக்கு வாக்கு இருக்கிறது. நம் வரவு-செலவுத் திட்டம் நம் அவையிலேயே வைக்கப்படுகிறது. ஆயினும் பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் கூட்டத்தொடரின் இறுதியில் விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றப்படும் காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம். அப்போதெல்லாம், காலியான இருக்கைகளுக்கு நடுவே அமர்ந்து, தான் ஒருபோதும் பார்த்திராத நாட்டின் கணக்கை வரி வரியாகக் கேட்ட அந்தப் பார்வையற்ற பேராசிரியர் என் நினைவுக்கு வருகிறார்.